பெயரும் பணமும் பறிபோகாமல் இருக்க: நெல்லைச் சீமையில் வங்கியும் கைபேசியும் புதிதாகப் பழகுவோருக்கான வழிகாட்டி

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்கள், களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருக்கும் விவசாயிகள், பாளையங்கோட்டையில் முதன்முதலாக வங்கிக் கணக்கு தொடங்கும் கல்லூரி மாணவர்கள், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில் குடும்பம் நடத்தும் பெற்றோர் என எல்லாரிடமும் இன்று ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, கைபேசி எண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. கூலியும் உரிமைத் தொகையும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் இவற்றின் வழியாகவே வந்து சேர்கின்றன. திருட்டும் அதே வழியைத்தான் தேடி வருகிறது.

தொலைபேசியில் ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏமாறுவதற்குக் காரணம், அழைப்பவர் நம்முடைய பெயரையும் ஊரையும் வங்கிக் கிளையையும், சில வேளைகளில் ஆதாரின் கடைசி எண்களையும்கூடச் சரியாகச் சொல்லிவிடுவதுதான். இவ்வளவும் தெரிந்தவர் வங்கியில்தான் இருக்க வேண்டும் என்று மனம் உடனே முடிவு கட்டிவிடுகிறது. அந்த விவரங்கள் வெளியே போன வழிகளில் பல, நாமே எப்போதோ திறந்து வைத்தவை: ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த நகல், குழுக் கடனுக்காகக் கொடுத்த தாள்கள், யாருடைய வாட்ஸ்அப்புக்கோ அனுப்பிய புகைப்படம். ஆகவே, நகல் கைமாறுகிற நாளிலிருந்தே இந்த வழிகாட்டியைத் தொடங்குகிறேன்.

நகல் கொடுக்கும் இடத்தில்

யாராவது ஆதார் நகல் கேட்டால், அது எதற்கு என்று முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நம் ஊர்ப் பக்கத்தில் அலுவலகங்களிலும் கடைகளிலும் எதிர்க்கேள்வி கேட்கத் தயங்குகிற பழக்கம், குறிப்பாகப் பெரியவர்களிடமும் பெண்களிடமும், இன்னும் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை இந்த ஒரு விஷயத்திலாவது விட்டுவிட வேண்டும். வெறும் அடையாளம் காட்டுவதற்கு வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ பல இடங்களில் போதும். ஆதாரேதான் வேண்டும் என்றால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை, ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் பதிவிறக்கிக் கொடுக்கலாம். பதிவிறக்கும்போதே எண் மறைத்த ஆதார் வேண்டுமா என்று அங்கே கேட்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

முழு நகலைத்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலையில், நகலின் குறுக்கே ‘நகைக் கடனுக்கு மட்டும்’ என்பதுபோல நோக்கத்தையும், பெறுபவர் பெயரையும், தேதியையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஓரத்தில் காலியாக இருக்கும் இடத்தில் எழுதினால் அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மறுநகல் எடுத்துவிட முடியும். எண்ணும் முகமும் தெளிவாகத் தெரியும்படி விட்டு, முகவரி வரிகளின் மேலேயே மையால் எழுதினால் அந்தத் தாளை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது கடினமாகிவிடும். வங்கியில் இப்படி எழுதிய நகலை வாங்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எண்ணும் படமும் முகவரியும் படிக்க முடிகிற நகலை மறுப்பதற்குப் பொதுவாகக் காரணம் இல்லை.

பிரவுசிங் சென்டருக்குப் போய் ஆதார் எடுப்பவர்கள் அங்கே நடப்பதை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். நம் கைபேசிக்கு ஓடிபி வருகிறது. அதைக் கடைக்காரரிடம் சொல்கிறோம். பிடிஎஃப் கோப்பு அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியில் இறங்குகிறது. அச்சிட்ட தாளுக்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். கோப்பு மட்டும் அங்கேயே இருக்கிறது. அதற்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது. ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்த எட்டு எழுத்துகள்தான். கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அதே கணினியில் நமக்குப் பின்னால் உட்காரப்போகிறவர் யார் என்பதை அவரும் அறிய மாட்டார். எனவே அச்சாகி முடிந்ததும், கோப்பை அழித்துவிட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள் என்று கேட்டு, அது நடக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பை அனுப்பியிருந்தால், அச்சானவுடன் அனைவரிடமிருந்தும் அழிக்கும் வசதியைப் பயன்படுத்தி அங்கேயே அழித்துவிட வேண்டும். பிழையாக அச்சான தாளைக் குப்பைக் கூடையில் போட விடாமல் கேட்டு வாங்கி வந்து கிழிப்பதும் இதில் சேரும்.

பான் அட்டை, ஆதார், மின் கட்டண ரசீது, புகைப்படம் ஆகிய நான்கும் ஒருவர் கையில் சேர்வதை நான் தனித்த ஆபத்தாகவே எண்ணுகிறேன். இவற்றை வைத்து வேறொருவர் பெயரில் ஜிஎஸ்டி பதிவு எடுத்து, போலி நிறுவனம் நடத்தி, கடைசியில் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் வரி கேட்டு அறிவிப்பு வந்த நிகழ்வுகள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. ‘கடன் வாங்கித் தருகிறேன், மானியம் வாங்கித் தருகிறேன்’ என்று தெருவுக்கு வந்து நான்கையும் ஒரே கட்டாகக் கேட்பவரிடம், எந்த வங்கி, எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்று கேட்டு, அந்த அலுவலகத்துக்கு நாமே நேரில் போய்க் கொடுப்பதுதான் முறை. வருபவர் சொந்தக்காரராக இருந்தாலும் முறை மாறுவதில்லை.

கைரேகை வைக்கும் இடத்தில்

வங்கி முகவரிடம் ஆதார் எண்ணைச் சொல்லி, கருவியில் விரலை வைத்துப் பணம் எடுக்கும் முறைக்கு ஓடிபியும் கிடையாது, பின் எண்ணும் கிடையாது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றே போதும். வயதானவர்களுக்கும் கிளை தொலைவில் உள்ள ஊர்களுக்கும் இது பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது.

பல ஆண்டுகள் பீடி சுற்றியவர்களின் விரல் நுனி தேய்ந்து போயிருக்கும். ரேஷன் கடையிலும் முகவரிடத்திலும் ‘ரேகை விழல, துடைச்சிட்டு இன்னொருக்க வைங்க’ என்ற சொல்லை அவர்கள் அடிக்கடி கேட்பார்கள். மூன்று முறை, நான்கு முறை வைப்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. நேர்மையற்ற முகவர் ஒருவருக்கு இந்தப் பழக்கமே போதும்: முதல் முறையிலேயே பணம் எடுபட்டிருக்கும், ரேகை விழவில்லை என்று சொல்லி இரண்டாவது முறை விரலை வைக்கச் சொன்னால் இன்னொரு தொகையும் போய்விடும். அல்லது முதல் முறையில் எடுத்துவிட்டு, ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ என்று வெறுங்கையோடு அனுப்பிவிடலாம்.

ஆகவே விரலை வைப்பதற்கு முன் திரையில் என்ன தொகை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறை விரல் வைத்த பிறகும், தோல்வி என்றாலும்கூட, அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். தோல்விக்கும் சீட்டு வரும். ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லிவிட்டால், அன்றைக்கே வங்கியின் குறுஞ்செய்தியைப் பார்க்க வேண்டும், அல்லது வேறு முகவரிடமோ கிளையிலோ இருப்பை விசாரிக்க வேண்டும். சிம் வாங்கும் கடையிலும் இதே கதைதான்: ஒரு சிம்முக்கு இரண்டு முறை ரேகை வைக்கச் சொன்னால், நம் பெயரில் இன்னொரு சிம்மும் உயிர்பெறக்கூடும்.

விரல் வைத்துப் பணம் எடுக்கவே எடுக்காதவர்கள், ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ தங்கள் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டிவிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. பூட்டிய பிறகு ரேகையின் நகலை எவர் வைத்திருந்தாலும் அது செல்லாது. ஆனால் ரேஷன் கடையிலும் அந்த ரேகை செல்லாது என்பதை மறந்துவிடக் கூடாது. தேவைப்படும்போது செயலியில் சிறிது நேரத்துக்குத் திறந்துகொள்ளும் வசதி இருக்கிறது. மாதந்தோறும் ரேகை வைத்துச் சாமான் வாங்கும் குடும்பத்தில், ரேஷனுக்கு விரல் வைப்பவர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் பூட்டிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். கடந்த ஆறு மாதங்களில் நம் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அதே இணையதளத்தில் கிடைக்கும். நாம் போகாத நாளில் ரேகைச் சரிபார்ப்பு பதிவாகியிருந்தால், அதுதான் முதல் எச்சரிக்கை.

இவையெல்லாம் நடக்க, ஆதாரில் இப்போது கையில் இருக்கும் கைபேசி எண் பதிவாகியிருக்க வேண்டும். பழைய எண்ணே கிடந்தால் ஆதார் மையத்தில் மாற்றிக்கொள்ளலாம். அஞ்சல்காரர் வழியாக வீட்டிலேயே எண்ணை மாற்றிக்கொள்ளும் சேவையும் இருக்கிறது, உள்ளூர் அஞ்சலகத்தில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். ஆதார் தொடர்பான ஐயங்களுக்கு 1947 என்ற எண்ணை அழைக்கலாம்.

கைபேசி எண்

வங்கியும் ஆதாரும் நம்மை நம் கைபேசி எண்ணால்தான் அடையாளம் காண்கின்றன. அந்த எண் அடுத்தவர் கைக்குப் போனால் மற்றவை பின்னாலேயே போகும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி என்ற இணையதளத்தில் நம் எண்ணைக் கொடுத்து ஓடிபியால் உறுதிசெய்தால், நம் பெயரில் எத்தனை சிம்கள் இயங்குகின்றன என்று காட்டும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை இருக்கலாம். நாம் வாங்காத எண் அந்தப் பட்டியலில் இருந்தால், அது என்னுடையதன்று என்று அங்கேயே புகார் பதியலாம். நம் பெயரிலுள்ள சிம்மை வைத்து எவரோ மோசடி செய்தால் காவல்துறை முதலில் தேடி வரும் வீடு நம் வீடாக இருக்கும் என்பதால், இந்தச் சரிபார்ப்பை ஒத்திப்போடக் கூடாது.

ஆனித் தேரோட்டத்தின்போது டவுன் ரத வீதிகளில் கைபேசியைப் பறிகொடுப்பவர்கள் பலரும் போனது கருவி மட்டும்தான் என்று எண்ணுகிறார்கள். திரைப் பூட்டு இருந்தாலும், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு கைபேசியில் போட்டால் நமக்கு வரவேண்டிய ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். இதைத் தடுக்க சிம்முக்கே ஒரு பின் எண் வைக்கும் வசதி கைபேசியின் பாதுகாப்பு அமைப்புகளில் இருக்கிறது. அதை இயக்கும்போது நிறுவனம் முன்பே வைத்திருக்கும் பின் எண்ணைக் கேட்கும். அது தெரியாமல் மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும், ஆகவே சேவை மையத்தில் கேட்டுச் செய்வது நல்லது. கைபேசிக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை, *#06# என்று அழுத்திப் பார்த்து, வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தொலைந்தால் காவல்துறையில் புகார் கொடுத்து, சிம்மை நிறுத்தி, சஞ்சார் சாத்தியில் அந்தக் கருவியையே எந்த சிம்மும் வேலை செய்யாதபடி முடக்கலாம்.

ஊரில் எல்லாருக்கும் சிக்னல் இருக்கும்போது நம் கைபேசியில் மட்டும் மணிக்கணக்காக இல்லாமல் போனால், டவர் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. வேறொருவர் நம் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். உடனே சேவை மையத்துக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்கப் பின் எண் வைத்துக்கொண்டால், பதிவுக் குறியீட்டை எவரோ ஏமாற்றி வாங்கினாலும் நம் கணக்கை எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது.

வங்கிக் கணக்கு

சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கை யுபிஐ செயலியோடு இணைக்காமல், சிறு தொகை மட்டும் போட்டு வைக்கும் இன்னொரு கணக்கை இணைப்பதையே நான் புதியவர்களுக்குச் சொல்வேன். எது தவறினாலும் இழப்பு அந்தச் சிறு தொகையோடு நின்றுவிடும். டெபிட் அட்டையில் இணையவழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தேவையில்லாதபோது நிறுத்தி வைக்கலாம். தொட்டுச் செலுத்தும் அட்டையில் 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காது என்பதால், அந்த வசதி வேண்டாதவர்கள் அதையும் நிறுத்திவிடலாம்.

பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. இருப்பைப் பார்ப்பது போன்றவற்றைத் தவிர, பின் எண் அடித்தால் நம் பணம் போகிறது என்றே பொருள். பழைய சாமான் விற்க விளம்பரம் போட்டவருக்கு, முன்பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் எண் அடியுங்கள் என்று செய்தி வந்தால் அது திருட்டு. ஏடிஎம்மில் உதவிக்கு வரும் அறிமுகமற்றவரிடம் அட்டையைக் கொடுக்கக் கூடாது. அவர் திருப்பிக் கொடுப்பது பார்வைக்கு அதே நிறத்தில் இருக்கும் வேறு அட்டையாக இருக்கலாம். பின் எண்ணை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார். அட்டையின் பின்புறம் பின் எண்ணை எழுதி வைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாமல், அவர்களுக்கு மறக்காத ஒரு எண்ணை மாற்றிக் கொடுப்பது பிள்ளைகளின் கடமை.

வங்கியின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுக்கக் கூடாது. மோசடியாளர்கள் தங்கள் எண்ணை வங்கியின் எண்போல அங்கே போட்டு வைத்திருப்பார்கள். பாஸ்புக்கிலும் அட்டையின் பின்புறமும் அச்சிட்டிருக்கும் எண்ணையே அழைக்க வேண்டும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேவை அழைப்புகளுக்குப் பயன்படுத்தவென்றே 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து பேசிக்கொண்டு தன்னை வங்கி அதிகாரி என்பவரை நம்புவதற்கு முகாந்திரமே இல்லை.

அழைப்பு வரும்போது

‘அண்ணாச்சி, பேங்க்ல இருந்து பேசுதேன், ஒங்க ஏடிஎம் கார்டு இன்னைக்கோட முடியுது’ என்று நம் ஊர்ப் பேச்சிலேயே பேச ஆள் வைத்திருக்கும் கும்பல்கள் வந்துவிட்டன. இந்தி கலந்த தமிழ் பேசினால்தான் மோசடி என்ற பழைய அளவுகோல் இனி உதவாது. குரலையும் பேச்சுவழக்கையும் பார்க்காமல், அவசரப்படுத்துகிறாரா, யாரிடமும் சொல்லாதே என்கிறாரா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். அரசு அலுவலகமோ வங்கியோ இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லை.

இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள் என்று வரும் குறுஞ்செய்தி பொய். பாக்கியை மின்வாரியத்தின் சொந்தச் செயலியிலோ அலுவலகத்திலோ பார்த்துக்கொள்ளலாம். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிஎம் கிசான் திட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் ஏபிகே என்று முடியும் கோப்பு, அதாவது கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு, வரும். போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களிலும் அதே கோப்பு சுற்றுகிறது. அதை நிறுவினால் நம் குறுஞ்செய்திகளை எல்லாம் படிக்கும் அனுமதி மோசடியாளருக்குப் போய்விடும். ஓடிபியை நாம் சொல்லாமலேயே அவர் எடுத்துக்கொள்வார். அதே குழுவில் அந்தக் கோப்பை அனுப்பியவர் நம் சித்தப்பாவாக இருக்கலாம். அவருடைய கைபேசி ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது என்றே பொருள். மகளிர் உரிமைத் தொகை நின்றுவிட்டது, ஓடிபி சொன்னால் சரிசெய்கிறேன் என்ற அழைப்பும் இவ்வகையே.

காணொளி அழைப்பில் காவல் சீருடையோடு தோன்றி, உங்கள் ஆதார் போதைப்பொருள் பொட்டலத்தில் கிடைத்தது, டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்காதீர்கள் என்று மிரட்டுபவர்களிடம் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அதிகாரிகளும்கூட வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதை எடுத்துச் சொல்ல வேண்டிய அளவுக்கு அந்த மிரட்டல் பரவியிருந்தது. தனியாக வசிக்கும் பெற்றோருக்கு இதைப் பிள்ளைகள் ஒருமுறை தொலைபேசியில் சொல்லி வைத்தால் போதாது. யாராவது அப்படி அழைத்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டு யாரை அழைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு எண்ணையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன் தருகிறேன், அல்லது பாஸ்புக்கையும் அட்டையையும் சிம்மையும் சில நாள்களுக்குக் கொடு என்று கேட்பவர் நண்பராகவே இருந்தாலும் மறுத்துவிட வேண்டும். வேறு எங்கோ ஏமாந்தவரின் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் கடத்தப்படும். வழக்கில் முதலில் சிக்குவது கணக்கின் சொந்தக்காரர். கணக்கு முடக்கப்படும், கடவுச்சீட்டுக்கும் அரசு வேலைக்கும் நடக்கும் காவல்துறைச் சரிபார்ப்பிலும் அது வந்து நிற்கும். கம்போடியா, லாவோஸ், மியான்மர் நாடுகளில் கணினி வேலை என்று அழைத்துச் சென்று, கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு, இதே மோசடி அழைப்புகளைச் செய்ய வைக்கும் கும்பல்களிடம் தமிழ் இளைஞர்களும் சிக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்ற முகவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்த பிறகே கடவுச்சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை

நம் பெயரில் எவராவது கடன் வாங்கியிருக்கிறாரா என்பதைக் கடன் அறிக்கை காட்டிவிடும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும். ஒரே நாளில் நான்கையும் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுவதும் கண்காணிப்பு இருக்கும். மகளிர் குழுக்களில் இருப்பவர்கள் கிரிஃப் ஹைமார்க் அறிக்கையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குறுநிதி நிறுவனங்களின் சிறு கடன்கள் அதில் விரிவாக வரும். உறுப்பினர்களின் நகல்களை வைத்து அவர்கள் அறியாமலேயே வாங்கப்பட்ட கடன் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். பான் அட்டை உள்ளவர்கள் ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடும் பகுதியில் தங்கள் எண்ணை இட்டு, தங்கள் பெயரில் பதிவு ஏதும் இருக்கிறதா என்றும், வருமானவரி இணையதளத்தின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தாங்கள் செய்யாத பரிவர்த்தனை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை, தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைப்பது. வீட்டாரிடம் சொல்லலாமா, அவமானமாக இருக்குமே என்று யோசிக்கிற நேரத்தில் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும். புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் சென்று, அங்கே மிச்சமிருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படும். எடுத்துவிட்ட பிறகு நிறுத்துவதற்கு எதுவும் இருக்காது. அழைக்கும்போது வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், குறுஞ்செய்தியில் உள்ள 12 இலக்க யுபிஐ குறிப்பு எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவர்கள் தரும் ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும்.

அதே மூச்சில் வங்கியையும் அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பு எதுவும் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் நம் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஓடிபியை நாமே சொல்லிவிட்டிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியுடைய பொறுப்பு. எனவே தவறு நம்முடையது என்று தெரிந்தாலும், தெரிவிப்பதில் ஒரு நிமிடம்கூடத் தாழ்த்தக் கூடாது. தொலைபேசியில் சொன்னதோடு நிற்காமல் கிளையில் எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் மாநகர சைபர் குற்றக் காவல் நிலையத்தையும், அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் போன்ற பகுதிகளில் இருப்பவர்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தையும் அணுக வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, எல்லை எதுவாக இருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பிறருடைய கடவுச்சொல்லையும் மின்னணு அடையாளத்தையும் மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவிலும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் வரும். இரண்டுக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. வந்த குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் ஆத்திரத்தில் அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்திருந்தால் புகார் வலுவாக இருக்கும்.

இதற்கடுத்த சில வாரங்களில் இன்னொரு அழைப்பு வரக்கூடும். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணமாகச் சிறு தொகை அனுப்புங்கள் என்று சைபர் காவல்துறையின் பெயரிலோ வழக்கறிஞர் பெயரிலோ பேசுவார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறி வந்ததே அதற்குக் காரணம். பணத்தை மீட்டுத் தருவதற்குக் காவல்துறை கட்டணம் கேட்பதில்லை.

வங்கி 30 நாள்களுக்குள் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையதளம் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. நாம் வாங்காத கடன் கடன் அறிக்கையில் இருந்தால், காவல்துறைப் புகாரின் நகலோடு கடன் தந்த நிறுவனத்துக்கும் அறிக்கை நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். புகார் கொடுத்து 30 நாள்களுக்குள் அது தீர்க்கப்படாவிட்டால், அதற்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கும் உரிமை புகார்தாரருக்கு உண்டு. இந்த இழப்பீட்டைப் பலர் கேட்பதே இல்லை. கடிதத்தின் கடைசி வரியில் அதையும் எழுதிக் கேளுங்கள்.